பாவ அறிக்கையில் ‘நான்’ என்ற சொல்: வாசகர் கேள்வி பதில்

தவக்காலம் தொடங்கியதிலிருந்து வந்து சேர்ந்த கடிதங்களில் நான்கு, வெவ்வேறு ஊர்களிலிருந்து எழுதப்பட்டவையாயினும், ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: பாவம் என்று வரும்போது என் பங்குக்கு நான் எவ்வளவு தூரம் பொறுப்பு? ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை இந்த நான்குக்கும் மட்டும் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களை அவர்கள் கேட்டுக்கொண்டபடியே வெளியிடவில்லை.

கேள்வி: போதகர் ஐயா, ஆதாமின் பாவத்தால் மனிதர் எல்லோரும் பாவிகளாகவே பிறக்கிறார்கள் என்று ஓய்வுநாட் பாடசாலையில் படித்தேன். நான் கேட்டு வாங்காத ஓர் இயல்புக்காக என்னிடம் கணக்குக் கேட்பது எந்த வகையில் நீதியாகும்?
— பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

பதில்: தம்பி, இதே கேள்வி ஐந்தாம் நூற்றாண்டிலேயே திருச்சபையைப் பெரிதாக உலுக்கியிருக்கிறது. பிரித்தானியாவிலிருந்து உரோமைக்கு வந்த பெலாஜியஸ் என்ற துறவி, ஆதாம் நமக்குக் கெட்ட முன்மாதிரி மட்டுமே, மனிதன் மனம் வைத்தால் தன் பலத்தாலேயே கட்டளைகளைக் கைக்கொள்ள முடியும் என்று போதித்தார். வட ஆபிரிக்காவின் ஹிப்போ நகர ஆயராகிய அகுஸ்தீன் அதை மறுத்தார். தமது பதினாறாம் வயதில் தோழர்களோடு சேர்ந்து அயலவரின் பேரி மரத்தை உலுக்கிக் காய்களைத் திருடியதையும், பசி ஒன்றும் இல்லாமல் அவற்றைப் பன்றிகளுக்கு எறிந்ததையும் அவர் தமது வாழ்க்கை அறிக்கையில் வெட்கத்தோடு எழுதியிருக்கிறார். தவறு என்று தெரிந்தும், தவறு என்பதாலேயே அது இனித்தது என்பதுதான் அவரைக் கடைசிவரை உறுத்திய விடயம். 418ஆம் ஆண்டு கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாஜியஸின் போதனையைத் தள்ளியது. மனித மனத்தை அறிந்த விதத்தில் அகுஸ்தீனே சரி என்பது என் கருத்து. நாற்பது ஆண்டு ஊழியத்தில், தன் முயற்சியால் மட்டும் தன்னைத் திருத்திக்கொண்ட ஒருவரையும் நான் கண்டதில்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆனால் உங்கள் கேள்வியின் கூர் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஆதாமின் குற்றமே நம் தலையில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதுதான் அது. ரோமர் நிருபம் 5ஆம் அதிகாரம் 12ஆம் வசனத்தை அகுஸ்தீன் இலத்தீன் மொழியில் வாசித்தார். அங்கே ‘அவனுக்குள் எல்லாரும் பாவஞ்செய்தார்கள்’ என்று பொருள் கொள்ளத்தக்க சொற்கள் இருந்தன. கிரேக்க மூலத்தை ‘எல்லாரும் பாவஞ்செய்ததனால்’ என்றே பெரும்பாலான அறிஞர்கள் இன்று வாசிக்கிறார்கள். நம் தமிழ் வேதாகமமும் ‘எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்’ என்றுதான் சொல்கிறது. ஆதாமிடமிருந்து நாம் பெறுவது சாவுக்கு உட்பட்ட, தீமைக்குச் சாய்ந்த இயல்பே தவிர, அவனுடைய குற்றப்பழி அன்று என்று கிழக்குத் திருச்சபைகள் இன்றுவரை போதிக்கின்றன. மேற்கத்திய மரபில் வளர்ந்த நமக்கு அந்தப் போதனை நல்லதொரு துணை.

நம் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளை எண்ணிப் பாருங்கள். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத இந்த மண்ணில், சுண்ணக்கற் பாறைக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள கடல்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. முன்னிருந்தவர்கள் அளவு கடந்து இறைத்ததால் சவராகிப்போன கிணறு ஒன்று உங்கள் பங்குக் காணியில் கிடைத்தால், அதைச் சவராக்கியவர் நீங்கள் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அதே கிணற்றில் நீங்களும் மோட்டர் பூட்டி இரவு பகலாக இறைத்தால், அதன் பிறகு ஏறும் உப்புக்கு நீங்கள் பொறுப்பு. அந்த உப்பு வேலிக்கு அப்பாலுள்ள அயலவரின் கிணற்றுக்கும் போய்ச் சேரும். உங்களிடம் கேட்கப்படும் கணக்கு அந்த இறைப்பைப் பற்றியது.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். ஏதேனில் தேவன் கணக்குக் கேட்டபோது ஆதாம் சொன்ன பதில், ‘என்னுடனே இருக்கும்படி தேவரீர் தந்த ஸ்திரீயானவள்’ என்றுதான் தொடங்குகிறது. மனைவியை மட்டும் அவன் குற்றஞ்சாட்டவில்லை. அவளைத் தந்தவரையும் சேர்த்தே கூண்டில் ஏற்றினான். ஏவாள் பாம்பைக் காட்டினாள். ‘நான் புசித்தேன்’ என்ற உண்மை இருவர் வாயிலிருந்தும் கடைசியாகத்தான் வந்தது. இன்று ஆதாமைக் காட்டித் தப்பிக்கொள்ள நினைக்கும்போது நாமும் ஆதாமின் பேச்சையே பேசுகிறோம். தம்பி, நீங்கள் அப்படித் தப்ப நினைத்து எழுதவில்லை, நீதியைத் தேடியே எழுதியிருக்கிறீர்கள் என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாகப் பதில் சொன்னேன்.

கேள்வி: எங்கள் அயலில் சைவக் குடும்பங்களே அதிகம். என் பிள்ளைக்குக் கடுமையான வருத்தம் வந்தபோது, அது முற்பிறப்பின் வினை என்று அயலவர் ஒருவர் சொன்னார். எங்கள் சபையார் ஒருவரோ, பெற்றோர் செய்த பாவம் பிள்ளையின் மேல் இறங்கியிருக்கிறது என்றார். இரண்டும் ஒன்றுதானா?
— ஒரு தாய், அச்சுவேலி

பதில்: ஒன்றல்ல, சகோதரி. உங்கள் அயலவர் தம் நெறிக்குள் நின்று பேசினார். சைவ சித்தாந்தத்தில் கன்மம் என்பது ஆன்மாவைப் பிணிக்கும் மும்மலங்களில் ஒன்று, அதன் பயனும் செய்தவரையே தொடர்ந்து சென்று சேரும். மறுபிறப்பை நாம் ஏற்பதில்லையாதலால் அந்த விளக்கம் நமக்கு உரியதன்று. ஆனால் உங்கள் சபையார் சொன்னதற்கு நம்முடைய வேதத்திலேயே ஆதாரம் இல்லை. பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் இதே கேள்வியைக் கேட்டபோது, இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று ஆண்டவர் நேரடியாக மறுத்தார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்த செய்தியைப் பேசியபோதும், இறந்தவர்களின் பாவக் கணக்கை அவர் ஆராயவில்லை. உயிரோடு கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தே மனந்திரும்பச் சொன்னார். மூன்றாம் நான்காம் தலைமுறை பற்றிய யாத்திராகம வசனத்தை அவர் உங்களுக்குக் காட்டியிருக்கக்கூடும். தகப்பனின் கடனும் குடியும் பகையும் பிள்ளைகளின் வாழ்வைத் தொடுகின்றன என்பது கண்கூடு. ஆயினும் குற்றம் பிள்ளையின் பேரில் எழுதப்படுவதில்லை என்பதைச் சொல்லவே எசேக்கியேல் ஓர் அதிகாரம் முழுவதையும், 18ஆம் அதிகாரத்தை, ஒதுக்கியிருக்கிறார். வருத்தம் பார்க்க வருகிறவர் கஞ்சியோடு வரலாம், ஜெபத்தோடு வரலாம். இப்படிப்பட்ட தீர்ப்போடு வருவது தாயின் நெஞ்சில் இன்னொரு நோயை வைத்துவிட்டுப் போவதற்குச் சமம். பிள்ளையின் மருந்தைத் தவறாமல் கொடுங்கள். அந்தப் பேச்சை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கேள்வி: என் கணவர் 2009இல் வன்னியில் தாயையும் தம்பியையும் ஒரே நாளில் இழந்தவர். அதன் பிறகு குடிக்கிறார். குடித்தால் என்னை அடிக்கிறார். விடிந்ததும் அழுது, ‘நான் செய்யவில்லை, சாத்தான் செய்தான்’ என்று சொல்லி மன்னிப்புக் கேட்கிறார். மாதந்தோறும் திருவிருந்திலும் பங்குபற்றுகிறார். நான் மன்னித்துக்கொண்டே இருக்கத்தானே வேண்டும்?
— ஒரு சகோதரி, வடமராட்சி

பதில்: மகள், வேத விளக்கத்துக்கு முன் ஒன்று. இன்றிரவு அவர் குடித்துவிட்டு வந்தால் நீங்களும் பிள்ளைகளும் எங்கே போவீர்கள் என்பதை இன்று பகலிலேயே முடிவு செய்துவிடுங்கள். நம்பிக்கையான உறவினர் வீடாக இருக்கலாம், போதகர் இல்லமாக இருக்கலாம். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவு இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீங்களே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளைக்கு விண்ணப்பிக்கலாம். இப்படிச் செய்வது திருமண உடன்படிக்கையை மீறுவதாகும் என்று யாராவது சொன்னால், அந்த உடன்படிக்கையை முதலில் மீறியது உங்கள்மேல் ஓங்கிய கை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவருடைய துக்கம் உண்மையானது. முள்ளிவாய்க்காலில் இருந்து மீண்டு வந்தவர்களின் இரவுகள் எப்படிப்பட்டவை என்பதை, அவர்களோடு பல இரவுகள் விழித்திருந்தவன் என்ற முறையில் அறிவேன். அந்தக் காயத்துக்கு வைத்தியம் வேண்டும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அவர் போவது விசுவாசக் குறைவாகாது. ஒரு மனிதனின் கட்டுப்பாட்டை நோய் குறைத்த அளவுக்கு அவனுடைய பொறுப்பும் குறையும் என்று திருச்சபை எப்போதும் ஏற்றுவந்திருக்கிறது. ஆனால் காலையில் தெளிந்திருக்கும்போது, மாலையில் எங்கே போனால் என்ன நடக்கும் என்பதை அவர் அறிந்திருக்கிறார். அந்தத் தெளிந்த வேளையில் எடுக்கும் முடிவு அவருடையது. அவனவன் தன் சொந்த இச்சையினாலேயே இழுக்கப்படுகிறான் என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். சாத்தான் காதில் பேசலாம், கை அவருடையது.

அவருடைய கண்ணீர் பொய் என்று நான் சொல்லவில்லை. கண்ணீரை மட்டும் மனந்திரும்புதல் என்று வேதம் எங்கும் எண்ணுவதில்லை என்றுதான் சொல்கிறேன். யோர்தான் கரையில் மக்கள் ‘நாங்கள் என்ன செய்யவேண்டும்’ என்று கேட்டபோது, யோவான் ஸ்நானகன் அழச் சொல்லவில்லை. இரண்டு அங்கி உள்ளவன் ஒன்றைக் கொடுக்கட்டும் என்றார். ஆயக்காரரிடம் விதித்ததற்கு மேல் வாங்காதீர்கள் என்றார். போர்ச்சேவகரிடம் ஒருவருக்கும் இடுக்கண் செய்யாதிருங்கள் என்றார். எண்ணிப் பார்க்கக்கூடிய செயல்களையே அவர் கனி என்றார். உங்கள் கணவரின் கனியும் அப்படியே எண்ணக்கூடியதாக இருக்கவேண்டும்: சிகிச்சைக்குப் போன நாட்கள், குடிக்காமல் வீடு வந்த மாலைகள், ‘சாத்தான்’ என்ற சொல்லை விட்டுவிட்டு ‘நான் அடித்தேன்’ என்று உங்களிடமும் உங்கள் போதகரிடமும் சொன்ன ஒரு வார்த்தை. திருவிருந்துக்கு முன் ஒவ்வொருவனும் தன்னைத்தானே சோதித்தறியவேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை அவருக்கு நினைவூட்டும் கடமை உங்கள் போதகருக்கு உண்டு. அதை உங்கள் தலையில் சுமத்தக் கூடாது. பழிவாங்கும் எண்ணத்தை விட்டுவிடுவதுதான் உங்களிடம் கேட்கப்படும் மன்னிப்பு. அதை அயல்வீட்டில் பாதுகாப்பாக இருந்துகொண்டும் கொடுக்கலாம்.

கேள்வி: 1995 ஐப்பசி இடப்பெயர்வில் நாங்கள் தென்மராட்சிக்குப் போய், 1996 சித்திரையில் திரும்பி வந்தோம். வீட்டில் கதவுநிலைகூட மிஞ்சவில்லை. அப்பா ஒழுங்கைக் கடைசி வீட்டிலிருந்து, காலால் மிதிக்கும் ஒரு தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த வீட்டார் கொழும்புக்குப் போய் அங்கிருந்து கனடாவுக்குப் போய்விட்டார்கள். ‘நாங்கள் எடுக்காவிட்டால் வேறு யாராவது எடுத்திருப்பார்கள், இது காப்பாற்றி வைப்பதுதான்’ என்று அப்பா சொன்னார். அந்த மெசினில் நான் தைத்துத்தான் இரண்டு தம்பிமார் படித்தார்கள். மெசினின் லாச்சிக்குள் ஒரு பழைய கொப்பி இருந்தது. அந்த வீட்டு அன்ரி தான் தைத்துக்கொடுத்தவர்களின் சட்டை அளவுகளை அதில் எழுதி வைத்திருந்தா. மூன்றாம் பக்கத்தில் என் அம்மாவின் பெயரும் அளவும் இருக்கின்றன. அம்மா அதை ஒரு முறை பார்த்துவிட்டு லாச்சியை மூடியவ, பிறகு திறக்கவேயில்லை. அப்பாவும் அந்த அன்ரியும் இப்போது உயிரோடில்லை. அன்ரியின் மகள் வருகிற ஆடியில் ஊருக்கு வருகிறா. பழைய இரும்பு, ஐயாயிரம் ரூபாய்கூடப் போகாது, பேசாமல் இரு என்று தம்பிமார் சொல்கிறார்கள். அப்பா செய்தது என் பாவமா?
— ஒரு வாசகி, மானிப்பாய்

பதில்: மகள், உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தேன். ஐப்பசி 30ஆம் திகதி இரவு, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஊர்ந்த அந்தச் சனத்துக்குள் நானும் ஒருவன். கொடிகாமத்தில் ஆளில்லாத ஒரு வளவில் ஐந்து மாதங்களுக்கு மேல் இருந்தோம். விறகு கிடைக்காதபோது வேலிக் கதியால்களை வெட்டி அடுப்பெரித்தோம், வெட்டியது நான்தான். திரும்பும் அவசரத்தில் உரியவர்களைத் தேடி ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டேன். ‘எல்லோரும் அப்படித்தானே’ என்று எட்டு ஆண்டுகள் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு, பிறகுதான் ஒரு நாள் போய்ச் சொன்னேன். வளவுக்காரர் கோபிக்கவில்லை. தேநீர் தந்துவிட்டு, எந்தப் பக்கத்து வேலி என்று மட்டும் கேட்டார். ஆகவே உங்கள் அப்பாவை எனக்கு மேலேயோ கீழேயோ வைத்துப் பேச எனக்கு உரிமையில்லை. வெறும் சுவர்களுக்கு நடுவே பிள்ளைகளோடு நின்ற தகப்பனின் மனதை, அவரை நியாயந்தீர்க்கிறவர் அறிவார்.

அப்பா எடுத்தது உங்கள் பாவம் அன்று. ‘குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை’ என்ற எசேக்கியேலின் வார்த்தை மகளுக்கும் பொருந்தும். அந்த எடுப்புக்காக நீங்கள் மன்னிப்புக் கேட்டு உருகவேண்டியதில்லை. ஆனால் எடுப்பது ஒன்று, வைத்திருப்பது இன்னொன்று. காப்பாற்றி வைத்தோம் என்ற சொல், உரியவரைத் தேட வழியில்லாத காலம்வரை உண்மையாக இருந்தது. பாதை திறந்து, கடிதமும் தொலைபேசியும் கனடாவுக்குப் போகத் தொடங்கிய பிறகு, ஒவ்வோர் ஆண்டும் அந்தச் சொல்லிலிருந்து உண்மை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துபோயிற்று. யாருடையது என்று தெரிந்துகொண்டே நீங்கள் அதில் தைத்த ஆண்டுகள் அப்பாவின் கணக்கில் சேரமாட்டா. அந்தப் பங்கு உங்களுடையது, தம்பிமாருக்கும் அதில் பங்குண்டு. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். உங்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்திராவிட்டால் மூன்றாம் பக்கம் என்று எழுதியிருக்க மாட்டீர்கள்.

மோசேயின் நியாயப்பிரமாணம் இப்படிப்பட்ட காரியத்தில் மிகவும் நடைமுறையானது. அயலவனுடைய பொருளைத் தன்னிடத்தில் வைத்துக்கொண்டவன் அதை முழுவதும் திருப்பிக் கொடுத்து, அதனோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி, உரியவன் கையில் ஒப்படைக்கவேண்டும். குற்றநிவாரண பலியை அதற்குப் பிறகுதான் லேவியராகமம் சொல்கிறது. ஆண்டவரும் பலிபீடத்தின் முன் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொன்னார். உரியவர் இறந்துபோயிருந்தால் அவருடைய இனத்தானிடம் சேர்க்கவேண்டும் என்று எண்ணாகமம் அதற்கும் வழி வைத்திருக்கிறது. உங்கள் விடயத்தில் அந்த இனத்தாள் ஆடியில் ஒழுங்கைக்கே வருகிறா. சகேயு நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னது அவன் மனம் நிறைந்து சொன்னது. அதை உங்கள்மேல் சட்டமாக வைக்க மாட்டேன். தைத்துச் சம்பாதித்ததையெல்லாம் கணக்குப் பார்க்கவும் வேண்டாம், அந்த உழைப்பு உங்களுடையது. மெசினைத் துடைத்து எண்ணெய் விட்டு, உங்களால் இயன்ற ஒரு தொகையையும் வைத்து, ‘இது உங்களுடையது’ என்று சொல்லுங்கள். பழைய இரும்பு, வேண்டாம் என்று சொல்வதா, தாயின் ஞாபகமாகக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போவதா என்பதை முடிவு செய்யும் உரிமை அந்த மகளுக்கு மட்டுமே உண்டு. ஐயாயிரம் போகாது என்று விலை பேச உங்கள் தம்பிமாருக்கு உரிமையில்லை.

எப்படிச் சொல்வது என்பதுதான் உங்களுக்குப் பயமாக இருக்கும். வேதத்தில் ‘பாவஞ்செய்தேன்’ என்று சொன்ன இரண்டு அரசர்களைப் பாருங்கள். சவுல் முதலில் சனங்கள்தான் ஆடுமாடுகளைத் தப்பவிட்டார்கள் என்றான். பிறகு பாவஞ்செய்தேன், சனங்களுக்குப் பயந்தேன் என்றான். கடைசியில், பாவஞ்செய்தேன், ஆனாலும் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்டான். தாவீதின் குற்றம் சவுலுடையதைவிடக் கொடியது. பிறன் மனைவியை எடுத்து, அவள் கணவனையும் போர்முனையில் சாகவிட்டவன். ஆனால் ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பற்றிய கதையைச் சொல்லி, ‘நீயே அந்த மனுஷன்’ என்று நாத்தான் சொன்னபோது, ‘நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்’ என்பதோடு தாவீது நிறுத்திக்கொண்டான். பத்சேபாள் ஏன் அங்கே குளித்தாள் என்று அவன் கேட்கவில்லை. நீங்களும் அப்படியே நிறுத்துங்கள். போர் என்றும், இராணுவம் என்றும், அப்பா என்றும், எல்லோரும் எடுத்தார்கள் என்றும் சொல்லத் தொடங்கினால் ஒவ்வொன்றும் உண்மையாகவே இருக்கும், ஆனாலும் அவற்றுக்குள் நீங்கள் சொல்லவேண்டியது தொலைந்துபோகும். ‘இது உங்கள் அம்மாவின் மெசின் என்று தெரிந்தும் நான் இத்தனை வருடம் வைத்திருந்தேன்’ என்ற ஒரு வசனம் போதும். மற்ற விவரங்களை அவ கேட்டால் சொல்லுங்கள்.

ஆடிவரை காத்திருக்கவும் வேண்டாம், இப்போதே எழுதுங்கள். திடீரென்று வாசலில் வைத்துச் சொல்வதைவிட, அழவோ கோபிக்கவோ அந்த மகளுக்குத் தனியாகக் கொஞ்ச நாள் கிடைப்பது நல்லது. அவ கோபித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்; மன்னிப்பைக் கேட்கலாம், உரிமையாக எதிர்பார்க்க முடியாது.

அம்மாவின் காரியம் தனி. உங்கள் கடிதத்தில் அம்மாவின் பேரில் ஒன்றும் எழுதாதீர்கள். ஒருவருக்காக இன்னொருவர் பாவ அறிக்கை செய்ய முடியாது. எழுதியதை அனுப்புமுன் அவவிடம் ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள், பிறகு ஒன்றும் கேட்காதீர்கள். அவவுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் அவவே சொல்லுவா. ஆடியில் அந்த மகள் வந்து நிற்கும்போது சொல்லவும் கூடும். அன்றைக்கு மெசினை மட்டும் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அந்தக் கொப்பியும் லாச்சிக்குள்ளேயே, முன்பு இருந்தபடியே இருக்கட்டும்.